படிக்காமல் போட்ட கையெழுத்து

என் மகன் சேவியருக்கு,

இதை நேரில் சொல்லியிருக்கலாம். ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தபோது சொல்லாததை, நீ கல்யாணமாகி ஈசூனுக்குக் குடிபோன பிறகு தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று தாள் எழுதிக் கிழித்தாயிற்று, இது நான்காவது. பாதியில் உனக்குக் கோபம் வரும். வந்தாலும் கடைசிவரை படித்துவிடு.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை அம்மா கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஜாலான் புசாரில் உன் பட்டறைக்கு வந்தேன் அல்லவா? பாலிடெக்னிக்கிலிருந்து விரிவுரையாளர் ஒருவர் வந்து உன் எதிரில் உட்கார்ந்திருந்தார், கண்ணாடி போட்ட தமிழ்ப் பெண். இரண்டு மாணவர்களை ஆறு மாதம் அட்டாச்மென்ட்டுக்கு, அதாவது வேலைப் பயிற்சிக்கு, எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நீ ஏர்கான் மோட்டாரைக் கழற்றிக்கொண்டே, "முடியாது மேடம். சொல்லிக் குடுக்கறதுக்குள்ள நானே வேலைய முடிச்சிடுவேன் லா" என்றாய். அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். என்னைக் கை காட்டி, "எங்க அப்பாவக் கேளுங்க. லிஃப்ட் கம்பெனில ஃபோர்மனா இருந்தாரு. ஒரு டிரெய்னி பையன்தான் அவர் வேலைக்கே உலை வெச்சான்" என்றாய். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். சேவியர், நான் தலையாட்டியது பொய்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது அது. நீ அப்போது செகண்டரி நாலு, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நான் குவீன்ஸ்டவுன் பக்கத்து அடுக்குமாடிகளின் லிஃப்ட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே ஐந்து பேர். எங்கள் முதலாளி மிஸ்டர் லிம் சூப்பர்வைசர் இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அது எனக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அந்த நேரத்தில்தான் ஒரு திங்கட்கிழமை அவர் ஜமாலைக் கூட்டிக்கொண்டு வந்து, "பாலிடெக்னிக் பையன், ஆறு மாசம் உன்கூட இருப்பான்" என்றார். பத்தொன்பது வயது. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் அவன் அத்தா கைலிக்கடை வைத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பைக்குள் நீல அட்டை போட்ட லாக் புக். தினமும் என்ன வேலை பார்த்தான், என்ன கற்றான் என்று அதில் எழுதவேண்டும். வாரக் கடைசியில் நான் கையெழுத்துப் போடவேண்டும். அது அவன் கல்லூரியின் விதி.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. டூல் பாக்ஸைத் தூக்க வைத்தேன், கோப்பி வாங்கிவர அனுப்பினேன். அவன் முகம் சுளிக்காமல் செய்தான். ஆனால் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பான். "ஏன்ணே இந்த ரிலேய மட்டும் தட்டிப் பாக்குறீங்க?" என்பான். ஏன் தட்டுகிறேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு முன்னால் இருந்தவர் தட்டினார், நானும் தட்டினேன். பதில் சொல்ல முடியாமல் வீட்டுக்கு வந்து, பெட்டிக்கு அடியில் கிடந்த சர்க்யூட் படங்களைப் பல வருடத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தேன். அதற்காக அவனுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. என்னைச் சோதிக்கிறான் என்றுதான் தோன்றியது. வெள்ளிக்கிழமை அவன் லாக் புக்கை நீட்டும்போது வேனின் முன்பக்கத்தில் வைத்து, ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்.

பதினோராவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. அங்கே இரண்டு லிஃப்ட். ஒன்றைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்தோம், மற்றதும் நின்றுவிட்டது. கீழே போனபோது கூட்டம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. சந்தையிலிருந்து வந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள், எல்லாரும் கத்தினார்கள். பத்தாம் மாடிக் கதவின் காண்டாக்ட் போய்விட்டிருந்தது. கதவு சரியாக மூடியிருக்கிறது என்று லிஃப்டுக்குச் சொல்கிற சின்னப் பித்தளைத் துண்டு அது. அது சொல்லாவிட்டால் லிஃப்ட் நகராது, நகரவும் கூடாது. ஸ்டோரில் அந்தச் சாமான் இல்லை, ஜப்பானிலிருந்து வர இரண்டு வாரமாகும் என்றார்கள். நான் செய்திருக்கவேண்டியது, லிஃப்டை நிறுத்தி, அறிவிப்பு ஒட்டி, முதலாளிக்கு ஃபோன் செய்து திட்டு வாங்குவது. சூப்பர்வைசர் ஆகப்போகிறவன் திட்டு வாங்க விரும்பவில்லை. மோட்டார் ரூமுக்கு ஏறி, அந்தக் காண்டாக்ட்டைத் தாண்டி ஒரு துண்டு வயரை மாட்டினேன். லிஃப்ட் ஓடியது. கீழே கைதட்டினார்கள்.

ஜமால் தட்டவில்லை. "அண்ணே, இந்த வயர எப்ப எடுப்போம்?" என்று கேட்டான்.

"சாமான் வந்ததும்."

"அதுவரைக்கும் கதவு தொறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும்தானே?"

"ஓடும். அதுக்குத்தான் கதவுல ஸ்பிரிங் இருக்கு. அதுவா மூடிக்கும். நீ வா, அடுத்த பிளாக் போகணும்."

புதன்கிழமை மறுபடி கேட்டான். வியாழக்கிழமையும் கேட்டான். "வேலைய பாருடா" என்று அதட்டினேன். வெள்ளிக்கிழமை லாக் புக்கை நீட்டினான். வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை நாங்கள் தோபாயோவில் இருந்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் போன ஜமால் திரும்பி வரவில்லை. ஓடிவிட்டான் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நாலு மணிக்கு ஆபீஸிலிருந்து செய்தி வந்தது. குவீன்ஸ்டவுனில் யாரோ ஒரு பெண் ஃபோன் செய்திருக்கிறாள், பத்தாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடக்கிறது, லிஃப்ட் மட்டும் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கிறது, உங்கள் ஆள் ஒருவன் அங்கே நிற்கிறான் என்று. வேனை நான்தான் ஓட்டினேன். எந்த வழியாகப் போனேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. அந்த லிஃப்டில் ஏற எனக்குத் தைரியம் இல்லை. பத்து மாடியும் படியில் ஏறினேன்.

நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். கதவு ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து, சிக்கி நின்றது. உள்ளே இருட்டு. அதில் கம்பிவடங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் திறப்புக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் இரண்டு பக்கச் சுவரில் ஊன்றி ஜமால் நின்றான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து கதவைப் பார்க்க வந்திருக்கிறான். மோட்டார் ரூம் சாவி என் இடுப்பில் இருந்ததால் அவனால் லிஃப்டை நிறுத்த முடியவில்லை. விட்டுப் போய் ஃபோன் செய்யவும் பயம். ஏனென்றால் அந்தத் தாழ்வாரத்தில் மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்று மூன்று சக்கர சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. நான் பார்க்கும்போதே அது வேகமாக வந்து அவன் காலில் மோதியது. அவன் காலை நகர்த்தவில்லை. குழந்தை சிரித்துக்கொண்டே பின்னால் போய், மறுபடி வந்தது. வழியை மறிக்கிறான் என்று முதலில் அவனைத் திட்டியவர்கள் நாலு மணிவாக்கில்தான் புரிந்துகொண்டு, வெளியே போயிருந்த குழந்தையின் தாயைத் தேட ஒருத்தி, ஃபோன் செய்ய ஒருத்தி என்று ஓடியிருக்கிறார்கள். இரண்டரை மணி நேரம் அவன் அப்படியே நின்றிருக்கிறான்.

மேலே ஓடி மின்சாரத்தை நிறுத்தினேன், வயரைப் பிடுங்கிப் பையில் போட்டேன். கீழே வந்து அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "யாரக் கேட்டு இங்க வந்தே?" அவன் குனிந்து, சைக்கிளோடு அந்தக் குழந்தையை லிஃப்ட் வாசலிலிருந்து தள்ளி நிறுத்தினான்.

மறுநாள் காலை மிஸ்டர் லிம் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். ஃபோன் செய்த பெண் விவரமாகச் சொல்லியிருந்தாள். "கதவு திறந்திருக்கும்போது லிஃப்ட் எப்படி ஓடியது?" என்று கேட்டார். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். "டிரெய்னி டெஸ்ட் பண்ண ஒரு வயர் மாட்டியிருக்கான் சார். எடுக்க மறந்துட்டான். எனக்குத் தெரியாது" என்றேன். சொன்னேன், சேவியர். பக்கத்தில் அவன் நிற்கும்போதே சொன்னேன். அது நிலைத்திருந்தால் அவன் அட்டாச்மென்ட் அன்றோடு முடிந்திருக்கும், படிப்பும் அதோடு போயிருக்கும். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வேலை, நீ, உன் பரீட்சை, உன் அம்மா. அவனுக்கும் ஒரு வீடு இருக்கிறது என்பது மனதில் வரவே இல்லை.

முதலாளி அவனைப் பார்த்தார். "உண்மையா?"

ஜமால் என்னைத்தான் பார்த்தான். நான் சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு நேரம் கொடுத்தான் என்று இப்போது நினைக்கிறேன். நான் சுவரைப் பார்த்தேன். அவன் பைக்குள் கையை விட்டு அந்த நீலப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தான். "சார், செவ்வாய்க்கிழமை பக்கத்தப் பாருங்க" என்றான்.

முதலாளி சத்தமாகவே படித்தார். எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட், எந்த மாடி, வயரை ஃபோர்மன் மாட்டினார், ஸ்டோரில் சாமான் இல்லை, எப்போது எடுப்போம் என்று கேட்டேன். புதன், கேட்டேன். வியாழன், கேட்டேன். பக்கத்தின் அடியில் வெள்ளிக்கிழமை போட்ட என் கையெழுத்து. அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, விரலை வைத்து, "இது உன் கையெழுத்துதானே?" என்றார். நான் ஆமாம் என்றேன்.

ஜமாலை வெளியே அனுப்பிவிட்டு அவர் சொன்னார், "இவன் அங்கே நிற்காவிட்டால் இந்நேரம் நான் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பேன். நீ எங்கே இருந்திருப்பாய் என்று யோசித்துக்கொள்." என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. வேன் சாவியையும் மோட்டார் ரூம் சாவியையும் வாங்கிக்கொண்டார். ஒரு வருடம் சாதாரண டெக்னீஷியனாக, நான் வேலை வாங்கிய ஆட்களுக்குக் கீழே வேலை செய்தேன். வீட்டுக்கு பஸ்ஸில் வந்தேன். நீ ஏன் என்று கேட்டாய். "அட்டாச்மென்ட் பையன் ஒருத்தன் போட்டுக் குடுத்துட்டான்" என்றேன். நீ பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, "அவன் யாருன்னு சொல்லுங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாய். உன் அம்மா அந்தப் பையனுக்கு நல்ல புத்தி வரவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். இரண்டையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். உன் கோபம் எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. அதுதான் நான் உனக்குச் செய்த கெடுதல். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நீ இன்றைக்கு ஒரு கம்பெனி நடத்துகிறாய்.

முதலாளி அந்தப் புத்தகத்தை உடனே திருப்பித் தரவில்லை. இரண்டு நாள் வைத்திருந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். பிறகு எங்கள் எல்லாரையும் கூட்டி, அதிலிருந்து வரி வரியாகக் கேள்வி கேட்டார். பதினோரு வாரமாக அவன் எங்களைப் பற்றி, எங்களுக்கே தெரியாததை எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். சாமான் கேட்டு நாங்கள் எழுதும் தாள் எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது என்று இருந்தது. அதைவிட ஒரு விஷயம் என்னைத் தலைகுனிய வைத்தது. நாலு கட்டடங்களில் அதே காண்டாக்ட் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் வருடக்கணக்காக மாற்றிக்கொண்டே இருந்தோம், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜமால் தாழ்வாரம் கழுவும் அம்மாவிடம் கேட்டிருக்கிறான். எந்தக் கிழமை கழுவுவீங்க, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று. கழுவிய மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் எங்களுக்குப் புகார் வருகிறது. தண்ணீர் லிஃப்ட் வாசலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு விரல் உயரத்துக்குத் தகடு வைத்தோம். அந்தப் புகார் நின்றுபோனது. இருபது வருட அனுபவக்காரன் கழுவுகிற அம்மாவிடம் கேட்டிருக்க மாட்டான், கௌரவம் விடாது. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கவலை அந்தப் பையனுக்கு இல்லை. மாணவன் என்றால் யாரிடமும் கேட்கலாம்.

நீ அந்தப் பெண்ணிடம் சொன்னதற்கு என் பதில் இதுதான். சொல்லிக் கொடுக்க நேரமாகும், உண்மை. ஆனால் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கு என்ன தெரியாது என்பது நமக்குத் தெரிகிறது. ஐந்து வருடம் ஒரே ஏர்கானைக் கழற்றி மாட்டினால் உன் கைக்கு எல்லாம் பழகிவிடும், தப்பும் சேர்ந்தே பழகிவிடும். புதிதாக வருகிறவனுக்குத்தான் அது தப்பாகத் தெரியும். அதற்காக அவனைக் கோப்பி வாங்க மட்டும் வைத்துக்கொள்ளாதே. நான் அப்படித்தான் வைத்திருந்தேன். அவனிடமிருந்து எங்களுக்குக் கிடைத்த எதுவும் என்னால் கிடைத்ததல்ல. அவன் எழுதுவதைப் படி. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

அவன் அட்டாச்மென்ட் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை சிராங்கூன் ரோட்டுக்குப் போனேன், அவன் அத்தாவின் கடைக்கு. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஜமால் இல்லை. நான் யார் என்று சொன்னதும் அந்த மனிதர் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஃபோர்மன்கிட்ட நெறயக் கத்துக்கிட்டேன்னு புள்ள சொல்லிக்கிட்டே இருக்கான். உக்காருங்க, டீ சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். அவன் வீட்டில் எதையும் சொல்லவில்லை. நான் டீயைக் குடித்தேன். நாக்கு சுட்டது. வாயில் வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

அவன் நேஷனல் சர்வீஸ் முடித்ததும் முதலாளி ஆள் அனுப்பி அவனை வேலைக்குக் கூப்பிட்டார். "இன்டர்வியூவில் அரை மணி நேரம் பார்த்து ஆள் எடுக்கிறேன், பாதிப் பேர் தேறுவதில்லை. இவனை ஆறு மாதம் பார்த்திருக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து வருடம் இரண்டு மாணவர்களையாவது எடுக்காமல் விடவில்லை. எங்கள் ஆட்களில் நல்லவர்கள் பலரும் அப்படி வந்தவர்கள்தான். எனக்கு ஃபோர்மன் வேலை திரும்பக் கிடைத்தது, சூப்பர்வைசர் இடம் கிடைக்கவில்லை. அந்த இடத்துக்குச் சில வருடம் கழித்து ஜமால் வந்தான். நான் ஓய்வு பெறும்வரை அவனுக்குக் கீழேதான் வேலை செய்தேன். வீட்டில் "எங்க சூப்பர்வைசர்" என்று சொல்வேனே, அது அவன்தான். பெயரை நான் சொன்னதே இல்லை. அவனும் அந்த அறையில் நடந்ததை ஒருநாள்கூடப் பேசியதில்லை.

உன் பட்டறையிலிருந்து வந்த மறுநாளே, நேற்று, பழைய ஆபீஸுக்குப் போனேன். அவன் இப்போது சர்வீஸ் பிரிவுக்கே மேனேஜர். கதவைச் சாத்திவிட்டு உட்காராமலே சொன்னேன். "ஜமால், அன்னைக்கு ரூம்ல நான் சொன்னது பொய். உன்மேல பழி போட்டேன்."

"தெரியும்ணே. நான்தான் பக்கத்துல நின்னேனே" என்றான். சிரிக்கவில்லை.

"இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

பேனாவை மூடி மேசையில் வைத்தான். "மொதல்ல கோபமா இருந்துச்சு. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரொம்ப நாள் பாத்தேண்ணே. அப்புறம் விட்டுட்டேன்."

நான் மன்னித்துவிடு என்றேன். அவன் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னான். மன்னித்தேன் என்று வாயால் சொல்லவில்லை, நானும் திரும்பக் கேட்கவில்லை. உன்னைப் பற்றிச் சொன்னேன். பட்டறை, நீ அந்தப் பெண்ணிடம் சொன்னது, நான் தலையாட்டியது, எல்லாவற்றையும். அவன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தான். அதே பாலிடெக்னிக், அனுப்பியவரும் உன்னிடம் வந்த அந்த விரிவுரையாளர்தான் என்றான். "இந்தத் தடவ நாலு பேரக் குடுத்திருக்காங்க. எங்கிட்ட ரெண்டு பேருக்குத்தான் எடம். மீதி ரெண்டு பேரு எங்கயும் கெடைக்காம நிக்கறாங்க. ஒருத்தி ரொம்பக் கேள்வி கேப்பாளாம், அதனால ரெண்டு கம்பெனி வேணாம்னு சொல்லிட்டாங்களாம். உங்க மகன் எடுத்துக்குவாராண்ணே?" என்றான்.

உன் சார்பாக நான் சரி சொல்லவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். இதோடு வைத்திருக்கிறேன்.

இப்போது கேட்கிறேன், தம்பி. எடுத்துக்கொள்கிறாயா?

உன் அப்பா